மேற்கோள் மரபும் மாணவர் கட்டுரையும்

பிறர் ஆய்ந்து கண்டதை எடுத்தாளும் மாணவர், அஃது எங்கிருந்து பெறப்பட்டது என்று குறித்தல் வேண்டும் என்பதை மேனாட்டார் வகுத்த விதியெனப் பலர் எண்ணுகின்றனர். தமிழ் இலக்கண மரபை நோக்கின் அவ்வெண்ணம் பொருந்தாது. அம்மரபோடு நம் தங்கவயலை அடுத்த கோலாருக்கும் தொடர்பு உண்டு.

பவணந்தி முனிவரைக் கொண்டு நன்னூலை இயற்றுவித்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தவனான இக்கங்கர்குலச் சிற்றரசன், குவளாலபுரத் தலைவன் என்னும் விருதுப்பெயர் பூண்டவன். குவளாலபுரம் என்பது கோலாரின் பழம்பெயரே.

நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக்குகிறது நன்னூல். சிறப்புப்பாயிரத்தில் ஆசிரியன் பெயரோடு, அந்நூல் எதன் வழித்தோன்றியது என்பதும் கூறப்படல் வேண்டும் என்கிறது. தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றைப் பவணந்தியார் அவ்வாறே எடுத்தாண்டார். முன்னோரின் கருத்தை மட்டுமன்றிச் சொல்லையும் பொன்னென மதித்தலும், தாம் புதுநூல் செய்ததாக உரிமை கோராமையுமே அதற்கு அவர் காட்டும் காரணங்கள்.

அக்காலத்தில் கற்றோர் பழைய நூற்பாக்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். இன்னார் வாக்கு என்பது கேட்டவுடன் விளங்கிற்று. இன்று அந்நிலை இல்லை. ஆதலின் பிறர் சொற்களுக்கு மேற்கோள் குறியிடல் வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துத் தம் நடையில் எழுதினும், நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைச் சுட்டல் வேண்டும்.

கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் என்பார் 1905-இல் தொகுத்து வெளியிட்டார். அவர் கல்வெட்டுகளுக்கு ஊரும் எண்ணும் குறித்தமையால், இன்றும் நாம் அவற்றைத் தேடிக் கண்டு சரிபார்க்க இயலுகிறது.

நம் முன்னோர் வாழ்வுக்கோ அத்தகைய தொகுப்புப் போதிய அளவில் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் காலூன்றிய பின் பெருகிய இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. நிலத்தடியில் உழைத்தோர் முதுமையடைந்து வருகின்றனர். வடார்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்த வரலாறு பெரிதும் அவர்கள் நினைவிலேயே உள்ளது. ஒரு பாட்டனார் கூறியதை மாணவர் தம் கூற்றாக எழுதிவிடின், கூறியவர் பெயரும் மறையும். பின்வருவோர்க்குச் சரிபார்க்கும் வழியும் அடைபடும். கேட்ட நாள், கூறியவர் பெயர், அவர் பணிபுரிந்த சுரங்கம் ஆகியவற்றை அவர் இசைவுடன் கட்டுரையின் அடியில் குறித்தல் நம் பிள்ளைகளுக்கு அரிதன்று. அப்பழக்கத்தை இல்லத்திலேயே தொடங்கிவைக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.