வெப்பம் பரவும் மூன்று வழிகள்: பிரித்தறியப்பட்ட வரலாறு

கடத்தல், சலனம், கதிர்வீச்சு என வெப்பம் மூன்று வழிகளில் பரவுகிறது. பொருளுக்குள் துகளுக்குத் துகள் கைமாறிச் செல்வது கடத்தல். திரவமோ வாயுவோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது சலனம். இடையில் எந்தப் பொருளும் இல்லாமலே கடந்து செல்வது கதிர்வீச்சு. பாடநூலில் இவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு, இயற்கையில் அப்படியில்லை. காய்ச்சிய இரும்புத் துண்டு ஒன்று ஆறும்போது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெப்பப் பரவலுக்கு எழுதப்பட்ட முதல் விதியும் இந்தக் கலவைக்கே எழுதப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அந்த முதல் விதி நியூட்டனுடையது. 1701இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆசிரியர் பெயரில்லாமல் அது வெளியானது. ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய அவருடைய வெப்பமானியால் கடுஞ்சூட்டை அளக்க முடியாது. ஆகவே இரும்புக் கட்டியைச் செந்தணலாகக் காய்ச்சி, சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்தார். அதன்மேல் பல உலோகங்களின், கலப்புலோகங்களின் சிறு துண்டுகளை இட்டு, உருகிக் கிடந்த ஒவ்வொன்றும் எப்போது இறுகுகிறது என்று நேரம் குறித்தார். பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் வெப்பம் இழக்கப்படுகிறது என்று கொண்டு, கடந்த நேரத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டார். அசையாத காற்றில் வைக்காமல் வீசும் காற்றில் வைத்தது கூர்மையான தேர்வு. வேறுபாடு சிறிதாக இருக்கும்வரை விதி நன்றாகப் பொருந்துவதற்கு அது ஒரு காரணம். ஆனால் இரும்பிலிருந்து வெப்பம் எவ்வழியில் வெளியேறியது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

முதலில் பிரிந்து வந்தது கதிர்வீச்சு. சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் ஷீலே, காற்றையும் நெருப்பையும் பற்றி 1777இல் வெளியிட்ட நூலில், திறந்த அடுப்பின் எதிரே நின்று கண்டவற்றைப் பதிவு செய்தார். அடுப்பின் வெப்பம் முகத்தில் படும் இடத்திலேயே விடும் மூச்சு குளிரில் ஆவியாகத் தெரிகிறது. அப்படியானால் இடையிலுள்ள காற்று சூடேறவில்லை. குறுக்கே காற்று வீசினாலும் அந்த வெப்பம் திசை மாறுவதில்லை. கண்ணாடித் தகடு ஒளியை விடுகிறது, இந்த வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. ஆக, காற்றோடு மேலெழும் வெப்பத்திலிருந்து இது வேறு என்று அவர் முடிவு செய்தார்.

ஜெனீவாவில் மார்க் ஓகுஸ்த் பிக்தே இரண்டு குழியாடிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் குவியத்தில் சூடான பொருளையும் மற்றதன் குவியத்தில் வெப்பமானியையும் வைத்தார். வெப்பமானி உடனே ஏறியது. சூடான பொருளை எடுத்துவிட்டுப் பனி நிறைந்த குடுவையை வைத்தபோது வெப்பமானி இறங்கியது. குளிருக்கும் கதிர் உண்டா என்ற குழப்பத்தை அது எழுப்பியது. அதே நகரின் பியேர் பிரெவோ 1791இல் தீர்வு சொன்னார்: எல்லாப் பொருள்களும் எப்போதும் கதிர்வீசிக்கொண்டே இருக்கின்றன, பனியை நோக்கியிருக்கும் வெப்பமானி, தான் பெறுவதைவிட அதிகமாகக் கொடுப்பதால் குளிர்கிறது. சமநிலை என்பது வரவும் செலவும் சமமாக இருக்கும் நிலை. வெப்ப இயல் இதைவிடத் தெளிவான சிந்தனையை அந்த நூற்றாண்டில் கண்டதில்லை எனலாம்.

சலனம் கண்ணுக்குப் பட்டது தற்செயலாக. கவுண்ட் ரம்ஃபோர்டு, சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஆறுவதற்காகச் சன்னலோரம் வைத்திருந்தார். வெயில் பட்டபோது, குழாயின் நடுவில் தூசித் துகள்கள் விரைந்து மேலேறுவதையும் ஓரங்களில் கீழிறங்குவதையும் கண்டார். 1797இல் இதை வெளியிட்ட அவர், ஓர் அடி கூடுதலாகவே போனார்: திரவங்கள் வெப்பத்தைக் கடத்துவதேயில்லை, சுமந்து மட்டுமே செல்கின்றன என்றார். பாத்திரத்தின் அடியில் பொருத்திய பனிக்கட்டி, மேலே கொதிநீர் இருந்தும் மிக மெதுவாகவே உருகியது அவருக்குச் சான்றானது. எடின்பரோவின் ஜான் மரே இதை மறுத்தார். பாத்திரத்தின் சுவர்வழியே வெப்பம் இறங்கியது என்ற வாதத்துக்கு இடமளிக்காதபடி, பனிக்கட்டியாலேயே பாத்திரம் செய்து, உள்ளிருந்த திரவத்தை மேலிருந்து சூடாக்கினார். வெப்பம் கீழே இறங்கியது. திரவங்கள் கடத்துகின்றன, ஆனால் மிகக் குறைவாக. இன்றைய அளவீட்டில் செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், நீருடையது 0.6, காற்றுடையது 0.026 மட்டுமே. ரம்ஃபோர்டு ஏன் ஏமாந்தார் என்பதை இந்த எண்களே சொல்லும்.

கடத்தலுக்குக் கணித வடிவம் தந்தவர் ஜோசப் ஃபூரியே. அவருக்கு முன் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ 1804இல், ஒரு முனை சூடாக்கப்பட்ட உலோகத் தண்டை ஆராய்ந்தார். தண்டுக்குள் ஓடும் வெப்பத்தையும் அதன் பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று அறிந்தும், சரியான சமன்பாட்டை அவரால் எட்ட முடியவில்லை. கிரனோபிளில் மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஃபூரியே, அலுவல்களுக்கிடையே இதை எடுத்துக்கொண்டு, தன் ஆய்வை 1807 டிசம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்தார். வெப்ப ஓட்டம் வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதம் என்பது அவருடைய அடிப்படை. முடிவுகளை முக்கோணவியல் தொடர்களாக எழுதியதைக் கணிதவியலாளர் லக்ராஞ்ச் ஏற்கவில்லை. 1812இல் பரிசு கிடைத்தபோதும் கணிதக் கண்டிப்பு போதாது என்ற குறிப்போடுதான் கிடைத்தது. நூல் 1822இல் வெளிவந்தது.

அந்தத் தொடர்களின் புகழில் மறைந்துபோன இன்னொரு சாதனை இங்கே அதிக முக்கியம். உட்கடத்துதிறன், புறக்கடத்துதிறன் என இரு மாறிலிகளை ஃபூரியே பிரித்தார். முதலாவது பொருளின் சொந்தப் பண்பு. இரண்டாவது பரப்பும் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து தீர்மானிப்பது. நியூட்டனின் கலவை முழுவதும் அதற்குள் ஒதுங்கியது. கடத்தல் இவ்வாறு தனித்து நின்றது.

ஒதுங்கிய அந்தக் கலவையை பிரெஞ்சு ஆய்வாளர்கள் டுலாங்கும் பெட்டியும், ஃபூரியேயின் நூல் வெளிவரும் முன்பே பரிசோதனையால் உடைத்தனர். காற்றகற்றிய செம்புக் கோளத்துக்குள் சூடான வெப்பமானி ஆறும் வேகத்தை முதலில் அளந்தனர். பிறகு வாயுக்களை நிரப்பி மீண்டும் அளந்தனர். முன்னதில் பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டும். இரண்டின் வேறுபாடு வாயுவின் பங்கு. வெப்பநிலை வேறுபாடு பெரிதாகும்போது நியூட்டனின் விதி பொருந்தாது என்பதும் இதில் உறுதியானது.

கதிர்வீச்சின் உண்மையான விதி 1879இல் வியன்னாவில் யோசப் ஸ்டெஃபானிடமிருந்து வந்தது. இயற்பியலாளர் டிண்டலின் அளவீட்டில், பிளாட்டினக் கம்பி மங்கிய சிவப்பிலிருந்து வெண்சூட்டுக்கு மாறும்போது கதிர்வீச்சு 11.7 மடங்கானது. அவ்விரு நிலைகளும் 525, 1200 டிகிரி செல்சியஸ் என்று கொள்ளப்பட்டன. தனிவெப்பநிலையில் 798, 1473. இவற்றின் விகிதத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 11.6. ஆகவே கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம் என்றார் ஸ்டெஃபான். பிளாட்டினம், தன்மேல் படும் கதிர் முழுவதையும் உறிஞ்சும் முழுக்கரும்பொருள் அல்ல. ஆகவே இந்தப் பொருத்தத்தில் நல்வாய்ப்புக்கும் பங்குண்டு. ஆயினும் விதி சரியானது. அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் 1884இல் வெப்ப இயக்கவியலிலிருந்தும் மின்காந்தக் கொள்கையிலிருந்தும் அதை வருவித்தார். அலைநீள வாரியான பங்கீட்டை 1900இல் பிளாங்க் தீர்த்தார். அதிலிருந்து குவாண்டம் இயற்பியல் தொடங்கியது.

கடைசிவரை பிடிகொடுக்காமல் இருந்தது சலனம். அதைக் கணக்கிட வெப்பம் மட்டும் தெரிந்தால் போதாது, பாய்மத்தின் ஓட்டமும் தெரிய வேண்டும். பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தில்தான் பாகுநிலை முதன்மை பெறுகிறது என்று 1904இல் பிராண்டில் காட்டினார். வில்ஹெல்ம் நுசெல்ட் 1915இல், வெப்ப மாற்றக் கெழுவைப் பொருளின் மாறிலியாகத் தேடுவதை விடுத்து, வேகம், அளவு, பாகுநிலை, கடத்துதிறன் ஆகியவற்றைப் பரிமாணமற்ற எண்களாகத் தொகுத்தார். ஒரு குழாயில் எடுத்த அளவீடு வேறு குழாய்க்கும் வேறு திரவத்துக்கும் பயன்படலாயிற்று. கொதிகலன் வடிவமைப்பு இதனால் பெரும் பயன் பெற்றது.

தானே எழும் சலனத்தின் கதை இன்னும் நீண்டது. 1900இல் ஆன்றி பெனார்ட், உருகிய திமிங்கல மெழுகின் மெல்லிய படலத்தைக் கீழிருந்து சூடாக்கி, தேனடை போன்ற அறுகோண அறைகள் தோன்றுவதைக் கண்டார். சூடான அடித்திரவம் இலேசாகி மேலெழுவதே காரணம் என்று கொண்டு, பாகுநிலையும் வெப்பப் பரவலும் அதை எவ்வளவு தடுக்கும் என்று ரேலி 1916இல் கணக்கிட்டார். 1950களில் பிளாக்கின் பரிசோதனையும் பியர்சனின் கணக்கும் வேறு விடை தந்தன: அவ்வளவு மெல்லிய, மேற்புறம் திறந்த படலத்தில் அறைகளை உருவாக்குவது பரப்பு இழுவிசையின் வேறுபாடு. ரேலியின் விளக்கம், மேலும் கீழும் தகடுகளால் மூடப்பட்ட தடித்த படலத்துக்குப் பொருந்துகிறது. முன்னது பெனார்ட்–மராங்கோனி சலனம் என்றும் பின்னது ரேலி–பெனார்ட் சலனம் என்றும் இன்று தனித்தனியே ஆராயப்படுகின்றன.