உலகம் ஒப்பிய அறம்

உலகில் வாழும் மக்கள் பல மொழிகளைப் பேசுகின்றனர். பல தெய்வங்களை வணங்குகின்றனர். தெய்வமே இல்லை என்பாரும் உளர். மணவினையும் ஈமச்சடங்கும் நாட்டுக்கு நாடு, ஏன், ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இத்தனை வேற்றுமைகளுக்கிடையே எல்லா மக்களுக்கும் பொதுவான அறம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால், அதனை எழுத்தில் வடித்து, எல்லா அரசுகளும் அதற்கு அடங்கி நடக்க வேண்டுமென்று கேட்க முடியுமா? வரலாறு பயிலும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பும் வினா இது. தத்துவ நூல்களைப் புரட்டி இதற்கு விடை தேடுவது ஒரு வழி. நான் வரலாற்றின் வழியே விடை தேட விரும்புகிறேன். 1947, 1948 ஆகிய இரண்டு ஆண்டுகளில், பல நாட்டு அறிஞர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இந்த வினாவோடு போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாகப் பிறந்ததே உலக மனித உரிமைப் பிரகடனம்.

அதற்கு முன் இருந்த நிலையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாடுகளுக்கிடையே சட்டம் என்பது நெடுங்காலமாகவே உண்டு. தூதுவர்களைத் துன்புறுத்தலாகாது, உடன்படிக்கைகளை மீறலாகாது என்பன போன்ற விதிகள் அதில் அடங்கும். ஆனால், ஓர் அரசு தன் சொந்தக் குடிமக்களை எவ்வாறு நடத்துகிறது என்பது அந்த அரசின் உள்நாட்டு விவகாரமாகவே பெரிதும் கருதப்பட்டது. அண்டை வீட்டில் அழுகுரல் கேட்டாலும் கதவைத் தட்டலாகாது என்பதே அன்றைய மரபு. இந்த மரபின் கொடிய விளைவை ஜெர்மனியில் உலகம் கண்டது. 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. அநீதி அங்கே சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஓர் அரசின் சட்டத்துக்கு மேலே வேறோர் அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் உலகெங்கும் வலுப்பெற்றது.

1945-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகளின் சாசனம் கையொப்பமாயிற்று. அதன் முகவுரையில் மனிதனின் அடிப்படை உரிமைகளைப் பற்றிய உறுதிமொழி இடம்பெற்றது. அம்முகவுரைக்கு முதல் வரைவு தந்தவர் தென்னாப்பிரிக்காவின் பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸ் என்பவர். வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். அதே ஸ்மட்ஸின் அரசாங்கம் அடுத்த ஆண்டே, நேட்டால் மாகாணத்தில் இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் அதில் குடியிருப்பதையும் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் அடக்கி ஒரு சட்டம் செய்தது!

அந்த இந்தியர்களுள் மிகப் பலர் நம் நாட்டுப் பகுதியிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்குமாக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்காக 1946-இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் வழக்குத் தொடுத்தது. நம் நாடு அப்போது முழு விடுதலைகூடப் பெறவில்லை. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் தூதுக்குழுவின் தலைவராக வாதாடினார். ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்று ஸ்மட்ஸ் மறுத்தார். டிசம்பர் 8-ஆம் நாள் பொதுச்சபை இந்தியாவின் பக்கம் நின்று தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தால் நேட்டாலின் சட்டம் மாறிவிடவில்லை. ஆயினும், அண்டை வீட்டுக் கதவு முதன்முறையாகத் தட்டப்பட்டது.

இந்தச் சூழலிலேதான், 1947 ஜனவரியில், 18 நாடுகளைக் கொண்ட மனித உரிமைக் குழு நியூயார்க்கை அடுத்த லேக் சக்செஸ் என்னுமிடத்தில் கூடியது. அதன் தலைவர், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார் ரூஸ்வெல்ட். துணைத் தலைவர், சீன நாட்டுக் கல்வியாளரும் நாடக ஆசிரியருமான பெங் சுன் சாங். செய்தித் தொகுப்பாளர், லெபனான் நாட்டுத் தத்துவப் பேராசிரியர் சார்லஸ் மாலிக். முதல் வரைவைத் தொகுக்கும் பணி ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் மனித உரிமைப் பிரிவுத் தலைவரான ஜான் ஹம்ப்ரி என்ற கனடா நாட்டுச் சட்ட அறிஞரிடம் வந்தது. பல நாடுகளின் அரசியலமைப்புச் சட்டங்களையும் பல சங்கங்களின் வரைவுகளையும் ஒப்புநோக்கி, அவர் 48 பிரிவுகள் கொண்ட வரைவு ஒன்றை உருவாக்கினார். பின்னர் பிரெஞ்சுச் சட்ட மேதை ரெனே காசின் அதற்குச் செப்பமான வடிவம் தந்தார்.

ஒரு நாள் ரூஸ்வெல்ட் அம்மையார் சாங், மாலிக், ஹம்ப்ரி ஆகிய மூவரையும் தம் இல்லத்துக்குத் தேநீர் அருந்த அழைத்தார். பேச்சு உடனே தத்துவத்தில் புகுந்தது. மாலிக் கிறித்தவ ஞானியான தாமஸ் அக்வினாஸின் கொள்கையை விரித்துரைத்தார். மெய்ப்பொருளைக் காணும் வழி ஒன்றுதானா என்று சாங் வினவினார். அலுவலகத்தார் சில மாதம் கன்ஃபூசியஸின் நூல்களைக் கற்பது நலம் என்றும் சொன்னார். அந்த மாலையில் எவரும் எவரையும் தம் கொள்கைக்கு இசைவித்ததாகத் தெரியவில்லை. வேலை மட்டும் நிற்கவில்லை.

இது எவ்வாறு முடிந்தது? யுனெஸ்கோ நிறுவனம் அதே ஆண்டில் உலகின் பல பாகங்களிலுள்ள சிந்தனையாளர்களுக்கு வினாக்கள் அனுப்பி, உரிமைகளின் அடிப்படை யாதென்று கேட்டது. நம் காந்தியடிகளும் மறுமொழி எழுதினார். கடமையைச் செவ்வனே ஆற்றுவதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்பதைக் கல்வியறிவில்லாத, ஆனால் அறிவுடைய தம் அன்னையிடமிருந்து கற்றதாக அவர் குறிப்பிட்டார். வந்த விடைகளை ஆராய்ந்தவர்கள் வியப்படைந்தனர். பகைமை கொண்ட கொள்கையினர்கூட உரிமைகளின் பட்டியலில் பெரும்பாலும் ஒத்துப்போயினர். ஏன் என்ற காரணத்தில்தான் வேறுபட்டனர். காரணத்தைக் கேட்காதவரை எங்களுக்குள் உடன்பாடு உண்டு என்பதே அவர்கள் நிலை என்று பிரெஞ்சுத் தத்துவஞானி ஜாக் மாரித்தேன் இதனை நயமாக எடுத்துரைத்தார். ஒரே ஊருக்குப் பல பாதைகள் வருவதுண்டு. ஊர் ஒன்றாக இருந்தால் போதும். பாதைகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதற் பிரிவு உருவான வரலாறு இதற்கு நல்ல சான்று. தொடக்க வரைவில் ஆங்கிலத்தில் ‘மென்’ என்ற சொல் இருந்தது. அச்சொல்லுக்கு ஆடவர் என்றும் பொருள்; மக்கள் என்றும் பொருள். இந்தியப் பிரதிநிதியான ஹன்சா மேத்தா அம்மையார் இதனை எதிர்த்தார். பெண்களை உரிமையிலிருந்து விலக்க விரும்புவோர் அச்சொல்லையே கருவியாகக் கொள்வர் என்பது அவர் கவலை. அக்கவலை வீணானதன்று. கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 1928-இல், செனட் சபைக்கு நியமிக்கத் தக்க ‘நபர்’ என்ற சொல்லில் பெண் அடங்க மாட்டாள் என்று தீர்ப்பளித்தது. 1929-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே அதனை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சொல்லின் ஐயப்பாடு ஒரு நாட்டுப் பெண்களின் உரிமையை மறைத்த கதை அது. இறுதியில் ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று பொருள்படும் சொற்களே பிரகடனத்தில் நின்றன.

அதே பிரிவில் வேறொரு பூசலும் எழுந்தது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்க வேண்டுமெனப் பிரேசில் கேட்டது. ‘இயற்கையால்’ என்ற சொல் சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. சாங் எழுந்தார். உலக மக்களில் பெரும்பகுதியினர் சீனர். அவர்களுக்கும் தனி மரபு உண்டு. எனினும் அம்மரபைப் பிறர்மேல் சுமத்த நான் முன்வரவில்லை. மற்றவர்களும் அவ்வாறே பொறுமை காட்ட வேண்டும் என்ற கருத்தில் பேசினார். கடவுளும் இயற்கையும் வாசகத்திலிருந்து விலகின. ஆனால் சாங் முன்னர் முன்மொழிந்த ஒரு கருத்து நிலைத்தது. ‘ரென்’ என்பது கன்ஃபூசிய அறத்தின் தலையாய சொல். மனிதன் என்ற குறியும் இரண்டு என்ற குறியும் சேர்ந்து அமைந்த எழுத்து அது. ஒருவன் மற்றொருவனை உணரும் உணர்வு என்று பொருள் கூறலாம். அதற்கு நேரான சொல் கிடைக்காமல் ‘மனச்சாட்சி’ என்று மொழிபெயர்த்தனர். பகுத்தறிவோடு மனச்சாட்சியும் மனிதனின் இலக்கணமாக முதற் பிரிவில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

இனி, ஒரு பண்பாட்டுக்கு ஒரே வாய்தான் உண்டு என்று எண்ணிவிடலாகாது. 1948-இன் இறுதி மாதங்களில், பொதுச்சபையின் மூன்றாம் குழு 80-க்கும் மேற்பட்ட கூட்டங்களில் வரைவைச் சொல் சொல்லாக அலசியது. திருமணத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்ற பிரிவையும், மதம் மாறும் உரிமையையும் சவூதி அரேபியா ஏற்கவில்லை. பாகிஸ்தானின் பிரதிநிதியான பேகம் ஷாயிஸ்தா இக்ராமுல்லாவோ, குழந்தை மணத்தையும் கட்டாய மணத்தையும் ஒழிக்க இப்பிரிவு தேவை என்று ஆதரித்தார். அந்நாட்டு வெளிவிவகார அமைச்சர் ஜபருல்லா கான், மதம் மாறும் உரிமை இஸ்லாத்துக்கு முரணன்று என்று வாதாடினார். இரு நாட்டினருக்கும் மதம் ஒன்றே. ஆனால் குரல் வேறு.

1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இரவு, பாரிஸ் நகரத்து ஷாய்யோ மாளிகையில் வாக்கெடுப்பு நடந்தது. அன்று சபையில் உறுப்பு நாடுகள் 58. ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, நடுநிலை 8, வராதவை 2. நடுநிலை வகித்தவை சோவியத் யூனியனும் அதன் அணியைச் சார்ந்தவையுமான ஆறு நாடுகள், சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா என்பன. அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் ஸ்மட்ஸ் தோற்றிருந்தார். நிறவெறியையே கொள்கையாகக் கொண்ட கட்சி அங்கே ஆட்சிக்கு வந்திருந்தது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான தடையை எதிர்கொள்ள வேண்டும். 58 நாடுகள் உலகமாகிவிடுமா? அன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பல பகுதிகளும் ஐரோப்பியரின் ஆட்சியில் இருந்தன. அம்மக்களுக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி இல்லை. மேல்நாட்டு மதிப்புகளையே உலக மதிப்புகள் என்று கொள்ளும் ஆபத்தை அமெரிக்க மானிடவியல் சங்கமும் 1947-லேயே சுட்டிக்காட்டியது. இக்குறையை மறைப்பது வரலாறு ஆகாது.

ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். விடுதலை பெற்றுச் சபைக்கு வந்த புதிய நாடுகள் பிரகடனத்தைத் தூக்கி எறியவில்லை. அதனைக் கையில் எடுத்துக்கொண்டன. 1960 டிசம்பர் 14-ஆம் நாள், குடியேற்ற ஆட்சிக்கு முடிவு கட்டும் தீர்மானம் 89 வாக்குகளால் நிறைவேறியது. எல்லா நாடுகளும் மனித உரிமைப் பிரகடனத்தைப் பின்பற்ற வேண்டும் என்று அத்தீர்மானமே கூறியது. அன்று நடுநிலை வகித்த 9 நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்றும் உண்டு! பிரகடனம் மேல்நாட்டாரின் சொத்தாக மட்டும் இருந்திருந்தால் இக்காட்சி நேர்ந்திருக்குமா? 1966-இல் இரண்டு உடன்படிக்கைகள் நிறைவேறி, 1976-இல் செயலுக்கு வந்தபோது, பிரகடனத்தின் அறவுரை ஒப்பமிட்ட நாடுகளுக்குச் சட்டக் கடமையாயிற்று. 1981-இல் ஆப்பிரிக்க நாடுகள் தமக்கென ஓர் உரிமைச் சாசனம் வகுத்தன. அதில் தனிமனிதனின் உரிமைகளோடு, மக்களினங்களின் உரிமைகளும், மனிதனின் கடமைகளும் சேர்ந்தன. கடமையைப் பற்றிக் காந்தியடிகள் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது.

தென்னாப்பிரிக்காவின் கதை எவ்வாறு முடிந்தது? 1960 மார்ச் 21-ஆம் நாள் ஷார்ப்வில் என்ற ஊரில், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். சபையில் கண்டனங்கள் ஆண்டுதோறும் தொடர்ந்தன. நாட்டுக்குள்ளே கறுப்பரும் இந்தியரும் பிறரும் தோளோடு தோள் நின்று போராடினர். 1994-இல் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. புதிய அரசியலமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட ஜனாதிபதி நெல்சன் மண்டேலா தேர்ந்த இடம் ஷார்ப்வில். தேர்ந்த நாள் 1996 டிசம்பர் 10. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்நாடு எந்த ஏட்டுக்கு ஆதரவு தர மறுத்ததோ, அந்த ஏட்டின் பிறந்தநாள் அது.

மாணவ நண்பர்களே, இதனால் உலகில் கொடுமை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பிரகடனத்துக்குப் படையில்லை, காவலர் இல்லை. அதில் கையுயர்த்திய அரசுகளே பின்னர் அதனை மீறியதும் உண்டு. ஆயினும் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ‘இந்த உரிமைகள் எங்கள் மரபுக்கு அந்நியம்’ என்ற குரல் பெரும்பாலும் ஆட்சிப் பீடத்திலிருந்தே எழுந்திருக்கிறது. சிறையிலிருந்தும் தோட்டத்துக் குடிசையிலிருந்தும் வந்த குரல் அவ்வாறு சொன்னது அரிது. ஆகவே, ஒரு மதிப்பு உலகப் பொதுவா என்று அறிய, அது எந்த நாட்டில் முதலில் பிறந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். துன்பமுற்றோரில் யார் யார் அதனைத் தமதென்று பற்றிக்கொண்டனர் என்பதையும் கேளுங்கள். பிரகடனத்தின் 30 பிரிவுகளும் தமிழில் கிடைக்கின்றன. சில பக்கங்களே, ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். படிக்கும்போது, நாற்காலி கிடைக்காமல் வெளியே நின்றவர்களையும் ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏட்டுக்கு உயிர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே.