ஆயிரம் எண்களும் ஒரு சித்திரமும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் ஆடி, ஆவணியில் குடை பிடிக்கிறோம். ஊரிலிருந்து வரும் செய்தியோ ஐப்பசி அடைமழையைப் பற்றிப் பேசுகிறது. இவ்வாறு இடந்தோறும் மாறும் செய்திகளை ஒரே சித்திரத்தில் காண்பது எங்ஙனம்? அதற்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1901இல் ஆங்கிலேய அறிஞர் கார்ல் பியர்சன், சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு மிக நெருங்கிச் செல்லும் கோட்டையும் தளத்தையும் காணும் வழியை வகுத்தார். 1933இல் அமெரிக்கரான ஹெரால்டு ஹோட்டலிங் அம்முறையைத் தாமே தனித்து வளர்த்து, 'முதன்மைக் கூறுகள்' எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் மகலனோபிஸ் கொல்கத்தாவில் 'சங்க்யா' என்னும் புள்ளியியல் ஏட்டைத் தொடங்கினார். இம்முறையின் பயனையும் பொருளையும் பற்றிய சி. ஆர். ராவ் அவர்களின் கட்டுரை 1964இல் அவ்வேட்டிலேயே வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1956இல், எட்வர்டு லோரன்ஸ் இதனை வானிலைக் கணிப்புக்குக் கையாண்டிருந்தார்.

முறையின் உட்பொருள் எளியது. கடலின் வெப்பத்தையும் காற்றையும் வெவ்வேறாக அமைத்து, கணினியில் நூறு பாவனைச் சூழ்நிலைகளை உண்டாக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஆயிரம் இடங்களின் மழையளவைத் தரும். எவ்விடங்களின் மழை சேர்ந்தே கூடிக் குறைகிறது என்பதை ஒட்டுறவு காட்டும். மாறுபாடு மிகுந்த திசையே முதல் அச்சு. அதற்குச் செங்குத்தாய், எஞ்சிய மாறுபாட்டில் மிகுதியைக் கொள்வது இரண்டாம் அச்சு. இவ்விரண்டையும் கொண்டு வரைந்தால் ஒவ்வொரு சூழ்நிலையும் தாளில் ஒரு புள்ளியாகிறது. தம்முள் ஒத்தவை அருகருகே அமைகின்றன.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. முதல் அச்சு காட்டுவது மிகுதியாக மாறுவதையே. மிக இன்றியமையாததை அன்று. பசிபிக் கடல் வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றுகிறது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பல வேளைகளில் மிகுகிறது. நாடு முழுவதன் மழையை ஓர் அச்சில் அடக்கினால், நம் ஐப்பசி மழை எஞ்சிய கூறுகளுள் மறைந்துவிடக்கூடும். அச்சித்திரத்தை மட்டும் நம்பி நாற்று விடும் உழவரின் நிலை என்னாகும்?

நூறு பக்கக் கோப்பை ஒரு பக்கமாகச் சுருக்கும் அலுவல் நம்மில் பலர்க்கு உண்டு. சுருக்கம் வேண்டுவதே, அதில் விடுபட்டது யாருடைய செய்தி என்று வினவுவதும் நம் கடமையே.