உப்பு தின்ற தொட்டிகள்

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் பின்னால் ஓர் எஃகுத் தொட்டியைப் பொருத்தி, 281 டாலருக்குப் பிக்கப் வண்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொட்டியின் நீளம் 56 அங்குலம், ஆழம் 13 அங்குலம். அதற்கு முன்பெல்லாம் அமெரிக்க விவசாயிகள் காரின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, தாங்களே மரப்பெட்டி அடித்து மாட்டிக்கொள்வார்கள். தொழிற்சாலையிலிருந்தே தொட்டி வந்தது பெரிய வசதி. ஆனால் மரம் உளுத்தால் ஒரு பலகையை மாற்றினால் போதும். எஃகு துருப்பிடித்தால் சுரண்ட வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். பிக்கப் வைத்திருப்பவரின் வீட்டு வாசலில் அந்த வேலை அன்றிலிருந்து குடியேறிவிட்டது.

வண்டியின் மற்ற பாகங்களைவிடத் தொட்டிக்குத்தான் அடி அதிகம். செங்கல், மண்வெட்டி, முள்கம்பிச் சுருள் என்று எது விழுந்தாலும் பெயின்ட் கீறும். தரைத்தகடும் சக்கர வளைவும் சேரும் இடுக்கில் ஈரமண் தங்கும். அங்கே துரு முதலில் வெளியே தெரியாது. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். அது பெயின்டுக்கு அடியில் உப்பி மேலே தள்ளும். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தினால் பெயின்ட் பக்கு பெயர்வதுபோல் பெயர்ந்துவரும், அடியில் செம்பழுப்புத் தூள் உதிரும்.

இந்தச் சேதத்தைப் பன்மடங்காக்கியது சாலை உப்பு. பனி உறைந்த சாலைகளில் உப்புத் தூவுவதை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவப்பட்டது சுமார் 5,000 டன். இன்று ஆண்டுக்கு 2 கோடி டன் அளவில் தூவுகிறார்கள். உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும்; துருப்பிடிப்பதே மின்வேதி வினை என்பதால் அதன் வேகம் ஏறிவிடுகிறது. உப்பு அதிகம் தூவாத அரிசோனாவின் பழைய வண்டிகளைத் தேடி வடமாநிலத்தார் போவது இதனால்தான்.

மருந்து வந்தது கடலிலிருந்து. ராபர்ட் ஃபெர்குசன் ஒரு கப்பல் தலைவர். துருப்பிடித்த மேல்தளத்தில் மீனெண்ணெய் சிந்திய இடங்களில் மட்டும் துரு பரவாமல் நின்றதை அவர் கவனித்தார். நாற்றம் அடிக்காமல், சீக்கிரம் காயும்படி அந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தி 1921இல் ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கண்கூர்மைக்கு அமெரிக்கக் கொட்டகைகள் பெரிதும் கடன்பட்டிருக்கின்றன.

இரண்டாவது திருப்பம் 1949இல். இல்லினாய் மாநிலத்தின் சைகமோர் ஊரில் எட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, ரேடியேட்டருக்கான அலுமினிய பெயின்டைத் தகர டப்பியில் அடைத்துப் பீய்ச்சிக் காட்டினார். யோசனை அவருடைய மனைவி பானி சொன்னது. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் கொசுவுக்கு அடித்த மருந்து டப்பியின் நுட்பம்தான் இதற்கும் அடிப்படை. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இல்லாதவரும் மூலைமுடுக்கெல்லாம் பெயின்ட் அடிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. ஃபோர்டில் ஜார்ஜ் புரூவர் குழு 1960களின் தொடக்கத்தில், உலோகத்தைப் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பூச்சை ஒட்டவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இடுக்குகளுக்குள்ளும் பெயின்ட் புகுந்தது. 2015இல் அதே நிறுவனத்தின் எஃப்-150 பிக்கப்பின் தொட்டியே அலுமினியமாகிவிட்டது. அதில் செந்துருவுக்கு வேலையில்லை.

ஆனாலும் பழைய எஃகுத் தொட்டிகள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலப் பெயின்டிலும் பிரைமரிலும் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், தூசியைத் தடுக்கும் தரமான மாஸ்க் அணியுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.