வாசலோடு நின்ற படம்

பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி, வீட்டில் தைத்த வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால், ஏறக்குறைய அதே வயதுள்ள வெள்ளைக்காரப் பெண் முகம் கோணக் கத்துகிறாள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் முன்னால் 1957 செப்டம்பர் 4ஆம் தேதி காலையில் எடுத்த படம் இது. முன்னால் போகிறவள் எலிசபெத் எக்ஃபோர்ட். கத்துகிறவள் ஹேசல் பிரையன்.

படத்தை எடுத்த வில் கவுண்ட்ஸ், ஆர்கன்சா டெமாக்ரட் நாளிதழின் இளம் புகைப்படக்காரர். அதே பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலரும் பெரிய கேமராவைத் தூக்கித் திரிவார்கள். ஒரு படம் எடுத்ததும் ஃபிலிமை மாற்றியாக வேண்டும். கவுண்ட்ஸின் கையில் இருந்ததோ சிறிய 35 மி.மீ. கேமரா. ஒரு சுருளில் 36 படம். எலிசபெத்துக்கு முன்னால் பின்னோக்கி நகர்ந்தபடியே அடுத்தடுத்து எடுத்துக்கொண்டு போக அவரால் முடிந்தது அதனால்தான்.

எலிசபெத் தனியாக வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த அந்தப் பள்ளியில் அந்த ஆண்டு சேர இருந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் ஒன்றாகப் போக, உரிமைப் போராளி டெய்ஸி பேட்ஸ் ஏற்பாடு செய்திருந்தார். எக்ஃபோர்ட் வீட்டில் தொலைபேசி இல்லை. செய்தி போய்ச் சேரவில்லை. ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் நிறுத்தியிருந்த தேசியக் காவல்படை வீரர்கள் வெள்ளை மாணவர்களை உள்ளே விட்டார்கள், அவளைத் தடுத்தார்கள். பின்னால் கூட்டம் கூச்சலிட்டபடி வர, அவள் தெருக்கோடி பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சை நோக்கி நடந்தாள். படம் பிடித்தது அந்த நடையைத்தான்.

அவளைத் தடுத்த கட்டடம் சாதாரணமானதல்ல. 1927இல் பதினைந்து லட்சம் டாலரில் எழுந்த பள்ளி அது. அமெரிக்காவின் மிக அழகான உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்களே பாராட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் திறந்த டன்பார் பள்ளிக்கு ஆன செலவு நாலு லட்சம். வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த பாடப்புத்தகங்கள்தான் டன்பாருக்கு வந்தன. ஒன்பது பேரும் ஏன் அந்த வாசலைத் தேடிப் போனார்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

படம் அன்றே அச்சேறியது. உலகப் பத்திரிகைகளுக்குப் போனது. புலிட்சர் பரிசுக்கும் போட்டியிட்டது. 1958இல் அந்தப் பரிசு, வாஷிங்டனில் ஒரு சிறுவனிடம் போலீஸ்காரர் குனிந்து பேசும் படத்துக்குக் கிடைத்தது. பார்க்க இதமான படம்தான். ஆனாலும் அந்தத் தேர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் படத்தைப் பார்த்து அந்தப் பள்ளியைத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறோம். படமோ வாசலோடு நின்றுவிட்டது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்ப, செப்டம்பர் 25ஆம் தேதி ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு நடுவே ஒன்பது பேர். நடைக்கூடத்தில் கூடவே வந்த வீரர் வகுப்பறைக்குள்ளோ கழிப்பறைக்குள்ளோ வரமாட்டார். விளையாட்டு, பாட்டுக் குழு, மாணவர் மன்றம் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. மாடிப்படியில் தள்ளிவிடுவார்கள், அலமாரியை உடைத்துப் புத்தகத்தைப் பாழாக்குவார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் படம் இல்லை.

டிசம்பரில் ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தில், ஒன்பது பேரில் ஒருத்தியான மினிஜீன் பிரவுன் தட்டோடு போகும்போது பையன்கள் நாற்காலிகளை இழுத்து வழிமறித்தார்கள். அவள் கையில் இருந்த சில்லிக் குழம்பு அவர்கள்மேல் கொட்டியது. கூடம் ஒரு கணம் வாயடைத்துப்போனது. பிறகு சமையலறையில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள். மினிஜீனைத் தற்காலிகமாக நீக்கினார்கள், பிப்ரவரியில் அடியோடு வெளியேற்றினார்கள். ‘ஒன்று போயிற்று, இன்னும் எட்டு’ என்று அச்சடித்த அட்டைகள் பள்ளியில் சுற்றின. மே மாதப் பட்டமளிப்பில், ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் மேடையேறியபோது மாணவர் கூட்டத்திலிருந்து கைதட்டல் வரவில்லை. அன்று பார்வையாளர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார்.

அடுத்த கல்வியாண்டு முழுவதும் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளையே ஃபாபஸ் மூடினார். ஏறக்குறைய 3,700 பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. அமெரிக்கக் கால்பந்தாட்டம் மட்டும் தொடர்ந்தது. பாடம் நடக்காத பள்ளியின் பெயரில் ஓர் அணி மைதானத்தில் இறங்கியதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை. எலிசபெத் சென்ட்ரலில் படிப்பை முடிக்கவே இல்லை. தபால் வழியாகவும் மாலை வகுப்பிலும் படித்துத் தேறினார்.

படம் பிற்பாடு பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஏறியது. ஹேசலை அது விடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்திலேயே எலிசபெத்தைத் தொலைபேசியில் அழைத்து அழுது மன்னிப்புக் கேட்டார். 1997இல், நாற்பதாம் ஆண்டு நிறைவின்போது, கவுண்ட்ஸ் இருவரையும் அதே கட்டடத்தின் முன்னால் சேர்த்து நிறுத்திப் படமெடுத்தார். இருவரும் புன்னகைக்கும் அந்தப் படம் சமரசம் என்ற தலைப்போடு சுவரொட்டியாக விற்றது. நட்பு சில ஆண்டுகளே நீடித்தது. இருவர் கதையையும் ஒரு தலைப்புக்குள் அடக்கிவிட ஊர் அவசரப்பட்டது. எலிசபெத்தின் காயமோ அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியதாக இல்லை.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைப் புகைப்படக்கலை கற்பித்த கவுண்ட்ஸ் 2001இல் மறைந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது. 1998 முதல் அது தேசிய வரலாற்றுத் தலமும்கூட. மணியடித்தால் பிள்ளைகள் வகுப்பு மாறும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். எதிரே, 1957இல் செய்தியாளர்கள் தொலைபேசிக்காக முண்டியடித்த பெட்ரோல் பங்க் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எலிசபெத் உட்கார்ந்த பெஞ்சின் மாதிரி ஒன்றை, மாணவர்களும் சேர்ந்து முயன்று, 2018இல் அங்கே நிறுவினார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நடக்கும் வேலை. பிள்ளைகள் தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் உட்கார்ந்து, ஒதுக்கப்பட்ட கதையையும் ஒதுக்கிய கதையையும் கேட்டு எழுதி வருகிறார்கள். பல ஆண்டுகளாகச் சேரும் அந்தக் கட்டுரைகள் புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன.