இலக்கத் தகட்டில் ஒரு வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வாகனங்களைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் நாவில் வருவது ‘ஏ போட்டி’தான். ஒஸ்ரின் நிறுவனம் 1947இல் தயாரிக்கத் தொடங்கிய ஏ-40 டெவன், 1952இல் வந்த ஏ-40 சோமர்செற் ஆகிய கார்களை எங்கள் மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அடுத்து மொறிஸ் மைனர். பிறகு, கொடிகாமம் – பருத்தித்துறைப் பாதையில் சந்தைக்குப் போகும் பெண்களையும் அவர்களுடைய கடகங்களையும் சுமந்த தட்டிவான். இவற்றின் உறுதியைப் புகழாதவர் இல்லை. ஆனால் ஒரு வாகனம் ஏன் நெடுங்காலம் வாழ்கிறது என்ற கேள்விக்கு “அந்தக் காலத்து இரும்பு” என்பது பாதிப் பதில்தான்.

வகுப்பில் வரலாறு கற்பிக்கும்போது பிள்ளைகளிடம் பழைய காரின் இலக்கத் தகட்டைப் பார்த்து வரச் சொல்வது என் வழக்கம். ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் அது 1957க்கு முந்திய பதிவு. அதற்குப் பின் சிங்கள ஸ்ரீ வந்தது. அந்த ஓரெழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் கிளர்ச்சி நடந்தது. அதன் கசப்பு 1958 கலவரத்துக்கு முன்னோடியான காரணங்களில் ஒன்றாயிற்று. ஒரு தகரத் துண்டிலிருந்து நாட்டின் கதையைத் தொடங்கலாம் என்பதைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் தெற்கில் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. வடக்கில் சில ஆண்டுகளுக்குள் யுத்தம் தொடங்கிவிட்டது. பழையவை இங்கு தங்கியதற்கு இதுவும் காரணம்.

காடு மேடு பாராமல் ஓடுவதற்கென்றே பிறந்த லாண்ட் றோவரை இங்கே நினைக்க வேண்டும். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது அது. யுத்தத்துக்குப் பிந்திய உருக்குப் பஞ்சத்தால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பஞ்சத்தில் செய்த அந்த ஏற்பாடு, உப்புக்காற்று வீசும் ஊர்களுக்கு வரமாய் அமைந்தது. ஆனால் சட்டகம் உருக்குத்தான். பழைய லாண்ட் றோவர் வாங்குபவர் பளபளப்பைப் பார்க்காமல் அடியில் படுத்துச் சட்டகத்தைத் தட்டிப் பார்ப்பது அதனால்தான். மணற்காட்டு மணலுக்கும் மாரிகாலத்து வன்னிச் சேற்றுக்கும் நான்கு சில்லும் உந்தும் வண்டி உதவும். தட்டையான குடாநாட்டுத் தெருக்களுக்கோ குறைவாக எண்ணெய் குடிக்கும் கார் போதும். எனவே இங்கே ‘ஏ போட்டி’ வென்றது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அப்போது இந்தப் பழைய என்ஜின்களின் ‘குறை’யே கைகொடுத்தது. அவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்ந்தது. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் சகித்துக்கொள்ளும். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி இல்லையெனில் முன்புறத்தில் கைபிடியை மாட்டிச் சுழற்றினார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். தேய்ந்ததைக் கடைசல் பட்டறைகள் மீண்டும் செய்து கொடுத்தன. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், கொம்படி – ஊரியான் சேற்றிலும் நீரிலும் ஆட்களை இழுத்துச் சென்றவை உழவு இயந்திரங்கள். உறுதி என்று நாம் புகழ்வதில் பெரும்பங்கு பெயர் தெரியாத அந்த மெக்கானிக்குகளுடையது.

இந்தப் பெருமைக் கதையில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அதே 1990இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். சோனகத் தெருவிலும் அதைச் சூழ்ந்த வட்டாரங்களிலும் இரும்பு வியாபாரமும் லொறிப் போக்குவரத்தும் செய்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ஓர் ஆணிக்கும் விலை ஏறிய ஆண்டில், இரும்பை அறிந்த ஒரு சமூகம் தன் கடைகளையும் வாகனங்களையும் விட்டு நடந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கையில் இருந்த சைக்கிள், கார், உழவு இயந்திரம் எல்லாவற்றிலும் ஏற்றியும் அள்ள முடியாததை விட்டுத்தான் போனார்கள். துயரங்களைத் தராசில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சாராரின் வாகனம் நினைவுச் சின்னமாகிறது. மறுசாராரின் வாகனம் கதையிலும் இல்லாமற் போகிறது. வரலாறு எழுதுபவர் இந்த இடைவெளியைக் காணவேண்டும்.

2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் திறந்தது. புதிய வாகனங்கள் வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதித் தடை மீண்டும் வந்து, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் நீங்கியது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது முதியவர்கள் மண்ணெண்ணெய்க் காலத்தை நினைத்தார்கள். ஆனால் அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. பழைய வாகனம் வைத்திருப்பது இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு. அதை ஓர் ஆவணமாகவும் வைத்திருக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

பழைய பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றை வாசித்தால் யார் வாங்கினார், யார் விற்றார் என்பது தெரியும். விற்காமலே எந்தக் கை மாறியது என்பதும் சில வேளை தெரியும். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வாழும் நம் முதியவர்களின் பெட்டிகளில், வண்டி போனபின்னும் அந்தப் புத்தகங்கள் கிடக்கக்கூடும். எழுதத் தெரிந்த நம்மவர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, இலக்கத்தையும் ஆண்டையும் கேட்டு, குறித்து வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.