ஊட்டிக்கு எழுதப்பட்ட பழைய ரிவ்யூ

லவ்டேல் பக்கம் டூர் போறதுக்கு முன்னாடி ரிவ்யூ படிப்போம். ‘அப்படியே சுவிட்சர்லாந்து’னு யாராவது எழுதியிருப்பாங்க. அந்த ஒப்பீட்டுக்கு வயசு 200ஐத் தாண்டிடுச்சு.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், தாமஸ் மன்றோவுக்கு எழுதின கடிதத்திலேயே நீலகிரியை சுவிட்சர்லாந்தோட ஒப்பிட்டார். அப்போ அவர் சுத்திப் பார்க்க வந்தவர். 1822-ல் ஊட்டியில் கல் வீடு கட்ட ஆரம்பிச்சார். சில வருஷத்துல பெரிய நிலச் சொந்தக்காரர். இப்போ அந்தப் புகழ்ச்சியில அவருக்கும் லாபம் இருக்கு! மன்றோவும் சென்னை கவர்னரா 1826-ல் மலையேறி வந்தார்.

பின்னாடியே யூகலிப்டஸ், தேயிலை எல்லாம் வந்தன. தோடர்களோட மேய்ச்சல் புல்வெளி சுருங்கியது. புகழ்ச்சி ஒரு இடத்தைக் காட்டுறதோட நிக்காது, மாத்தியும் விடும்.

அதனால அஞ்சு ஸ்டாரைப் பார்த்தா ரெண்டு கேள்வி கேளுங்க: எழுதினவருக்கு இதுல என்ன லாபம்? அங்கேயே வாழறவங்களை யாராவது கேட்டாங்களா?